கழுத்தில் வீக்கமா? பயமும் வேண்டாம், பாராமுகமும் வேண்டாம்

சுகாதாரப் பாடம்

கழுத்திலோ கன்னத்திலோ ஒரு வீக்கம் தெரிந்தால் நம் தோட்டங்களில் இரண்டு விதமான பேச்சுக் கிளம்பும். "ஐயோ, கேன்சரா இருக்குமோ" என்பது ஒன்று. "அது சும்மா நீர் கோத்திருக்கு, தானா வத்திடும்" என்பது மற்றது. முதல் பேச்சைக் கேட்டவர் பயந்துபோய் முந்தானையால் மூடிக்கொள்கிறார். இரண்டாவது பேச்சைக் கேட்டவர் அதை மறந்தே போகிறார். கடைசியில் இரண்டு பேருமே ஆஸ்பத்திரிக்குப் பிந்தித்தான் போகிறார்கள்.

கழுத்திலும் கன்னத்திலும் வருகின்ற வீக்கங்களில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அவற்றுக்குச் சாதாரணமான காரணங்கள் உண்டு. மருந்தும் உண்டு. ஆனால் "புற்றுநோய் இல்லை" என்பதைச் சொல்ல வேண்டியவர் டொக்டரே தவிர, பக்கத்துக் காம்பராக்காரர் அல்ல. எந்த வீக்கம் எதனால் வருகிறது, எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்கு அன்றைக்கே ஓட வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்காருங்கள். வீக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

1. காதுக்கு முன்னாலும் காதுச் சோணைக்குக் கீழேயும், அல்லது தாடை எலும்புக்குக் கீழே: இவை உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ள இடங்கள். காதடியில் ஒரு சோடி, தாடைக்குக் கீழ் ஒரு சோடி, நாக்குக்கு அடியில் ஒரு சோடி என்று மூன்று சோடிப் பெரிய சுரப்பிகள் நமக்கு உண்டு. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் எச்சில் இவற்றிலிருந்து ஊறுகிறது.

2. கழுத்தின் பக்கவாட்டிலும் பிடரியிலும்: இங்கே நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. இவை வீங்குவதைத்தான் "நெறி கட்டியிருக்கு" என்று சொல்கிறோம்.

3. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே: இது தைரொயிட்டுச் சுரப்பியின் இடம். இங்கே வரும் வீக்கம் கழலை.

இந்த மூன்று இடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பிள்ளைகளுக்கு வரும் கூகைக்கட்டு

கூகைக்கட்டு என்றும் பொன்னுக்கு வீங்கி என்றும் சொல்லுகின்ற நோயைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். இது ஒரு வைரசுக் கிருமியால் வருகிறது. இருமல், தும்மல், எச்சில் வழியாகவும், ஒரே கோப்பையில் குடிப்பதாலும் பரவும். கிருமி உள்ளே போய் இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகுதான் வீக்கம் தெரியும். முதலில் காய்ச்சல், தலைவலி, சாப்பாட்டில் வெறுப்பு. பிறகு ஒரு பக்கக் காதடி வீங்கும். காதுச் சோணை மேலே தூக்கினாற்போல நிற்கும். இரண்டொரு நாளில் பலருக்கு மற்றப் பக்கமும் வீங்கும். ஒரு கிழமை, பத்து நாளில் வற்றிவிடும்.

வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். வீக்கம் வந்த பிறகும் ஐந்து நாளைக்குத் தொற்றும். லயத்தில் சுவரோடு சுவராக, ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்து வாழும் நமக்கு இது முக்கியமான விஷயம். அந்த ஐந்து நாளும் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அனுப்பக் கூடாது. "பேர் போடணுமே, பிள்ளையை யார் பார்க்கிறது" என்பது நியாயமான கஷ்டம்தான். ஆனால் ஒரு பிள்ளையை அனுப்பினால் பத்துப் பிள்ளைக்கு வரும். பத்துத் தாய்மாருக்கு வேலை போகும். பாட்டியோ, ஏற்கனவே இந்த நோய் வந்து போன உறவினரோ பார்த்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள்.

வைரசுக் கிருமியைக் கொல்லும் குளிசை இதற்குக் கிடையாது. பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில் பரசிட்டமோல், ஈரத்துணி ஒத்தடம், கஞ்சி போன்ற மெதுவான சாப்பாடு, நிறையத் தண்ணீர் இவை போதும். புளிப்பான பழமும் சாறும் வேண்டாம். புளிப்புப் பட்டால் எச்சில் ஊறி நோவு கூடும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. தங்கச் சங்கிலி போட்டால் வற்றும் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். சங்கிலி போடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் அந்த வீக்கம் பத்து நாளில் வற்றத்தான் போகிறது. அதற்காக வட்டிக்குப் பணம் எடுத்து அடகு நகையை மீட்க வேண்டியதில்லை.

கடுமையான தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, காது கேளாமை, வயது வந்த பையன்களுக்கு விதை வீக்கம், இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். விதை வீங்கினால் பிள்ளைப்பேறே இல்லாமல் போகும் என்று பயப்படுவோர் உண்டு. அப்படி ஆவது மிக அரிது. ஆனாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் காட்ட வேண்டும்.

இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2011ஆம் ஆண்டு எம்.எம்.ஆர். ஊசி சேர்க்கப்பட்டது. சின்னமுத்து, ருபெல்லா, கூகைக்கட்டு ஆகிய மூன்றுக்கும் எதிரான ஊசி அது. உங்கள் பிள்ளையின் சுகாதார அட்டையை மருத்துவிச்சியிடம் காட்டி, ஏதாவது ஊசி விடுபட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

கூகைக்கட்டு பெரும்பாலும் ஆயுளில் ஒரு தடவைதான் வரும். ஒரே பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் காதடி வீங்கினால் காரணம் வேறு. அதைக் காட்டிக் கேட்க வேண்டும்.

சாப்பிடும்போது வீங்குகிறதா?

தாடைக்குக் கீழே ஒரு பக்கம் சாப்பிடும் நேரத்தில் பொம்மென்று வீங்கி, நொந்து, ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் வற்றிப் போகிறதா? அப்படியானால் எச்சில் வருகின்ற குழாயில் ஒரு கல் அடைத்திருக்கலாம். சிறுநீர்ப் பையில் கல் உண்டாவது போல உமிழ்நீர்க் குழாயிலும் கல் உண்டாகும். தாடைக்குக் கீழுள்ள சுரப்பியின் எச்சில் சற்றுத் தடிப்பானது. அது மேல்நோக்கி ஏறி நாக்குக்கு அடியில் வந்து விழ வேண்டும். அதனால் கல் அதிகமாக அங்கேதான் உண்டாகிறது. பசி எடுத்து, சோற்றைக் கண்டதும் எச்சில் ஊறுகிறது. வழி அடைத்திருப்பதால் சுரப்பி வீங்குகிறது.

உடம்பில் தண்ணீர் குறைந்தால் எச்சில் தடிக்கும். இங்கே நம் பெண்களின் கஷ்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையில் மலசலகூடம் இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் இருக்கின்ற அக்கா, தங்கச்சிமார் எத்தனை பேர்! வெயிலில் வியர்வை வழிய வேலை செய்துவிட்டு வாய் காய்ந்து கிடப்பது சிறுநீரகத்துக்கும் கூடாது, உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் கூடாது. ஒரு போத்தல் தண்ணீரைக் கூடையோடு கொண்டு போங்கள். மலைக்குப் பக்கத்தில் மலசலகூடம் வேண்டும் என்பதையும் தலைவர்மார் மூலமாகத் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். அது சுகாதாரத்துக்குரிய கோரிக்கைதான்.

சின்னக் கல்லாக இருந்தால் நிறையத் தண்ணீர் குடித்து, தேசிக்காய்த் துண்டை வாயில் வைத்து, சூடான ஒத்தடம் கொடுத்து, தாடைக்கு அடியில் பின்னாலிருந்து முன்னாக மெதுவாகத் தடவிவர, தானாகவே வெளியே விழுந்துவிடலாம். விழாவிட்டால் பல் வைத்தியர்கள் வாய்க்குள்ளேயே எடுத்துவிடுவார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கூகைக்கட்டுக்குப் புளிப்பு வேண்டாம் என்றோம், கல்லுக்குப் புளிப்பு நல்லது என்கிறோம். இரண்டுமே வீக்கம்தான், ஆனால் மருந்து ஒன்றல்ல. காரணம் தெரியாமல் கைமருந்து செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

அடைபட்ட சுரப்பியில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும். தோல் சிவந்து, காய்ச்சல் வந்து, வாயில் கெட்ட ருசியோடு சீழ் வரும். சாப்பிடாமல், குடிக்காமல் படுக்கையில் கிடக்கும் வயதானவர்களுக்கு இது வரக்கூடும். இதற்கு டொக்டர் தரும் கிருமிக்கொல்லி மருந்து வேண்டும். கடையில் இரண்டு குளிசை வாங்கிப் போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது.

நோவில்லாத கன்ன வீக்கம்

இரண்டு கன்னமும் நோவில்லாமல் மெல்ல மெல்லப் பருத்து வருகிறவர்களும் உண்டு. "ஆள் நல்லாத் தேறிட்டாரு" என்று பார்ப்பவர்கள் சொல்லுவார்கள். நீரிழிவு, சத்துக் குறைவு, நாள்பட்ட குடி இவை காதடிச் சுரப்பியை இப்படிப் பருக்க வைக்கும். கசிப்பும் சாராயமும் ஈரலைக் கெடுக்கும்போது கன்னமும் சாட்சி சொல்கிறது. இதற்குக் கன்னத்தில் பூச மருந்து கிடையாது. சீனியைப் பரிசோதிப்பதும் குடியை விடுவதும்தான் மருந்து. நடுத்தர வயதுப் பெண்களுக்குக் கன்ன வீக்கத்தோடு கண்ணும் வாயும் எப்பொழுதும் காய்ந்து போயிருந்தால் அதுவும் ஒரு நோயின் அடையாளம். கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

ஒரு பக்கக் காதடியில் மட்டும் ஒரு கட்டி, நோவில்லாமல், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளரலாம். காதடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஐந்தில் நான்கு அளவுக்குப் புற்றுநோய் அல்லாதவையே. ஆனாலும் அவற்றை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. சில கட்டிகள் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியின் ஊடாகத்தான் போகிறது. அதனால் அதைப் பழகிய சத்திர சிகிச்சை நிபுணர்தான் எடுக்க வேண்டும். கட்டியோடு முகம் ஒரு பக்கம் கோணினால், கண் மூட முடியாமல் போனால், நாள் கடத்தவே கூடாது.

நெறி கட்டுவது ஏன்?

நிணநீர்க் கணுக்கள் உடம்பின் காவற்காரர்கள். கிருமி உள்ளே வந்தால் அதைப் பிடித்து வைத்துப் போராடுகின்றன. அப்பொழுது வீங்குகின்றன. தொண்டை நோவு, சூத்தைப் பல், காதில் சீழ், தலையில் பேன் கடித்துச் சொறிந்த புண் இவற்றால் நெறி கட்டும். பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைக்குப் பிடரியில் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தால் முதலில் தலையைப் பிரித்துப் பாருங்கள். தாடைக்குக் கீழே தெரிந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பாருங்கள். காரணம் தீர்ந்தால் இரண்டு மூன்று கிழமையில் நெறியும் இறங்கும்.

காசநோயும் கழுத்தில் நெறியாக வரும். இருமல் இல்லாமலேகூட வரும். நோவில்லாத உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கும். சிலருக்கு உடைந்து சீழ் வடியும். பொழுது சாய்ந்தால் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு மெலிவு கூட இருக்கலாம். இது முழுக்கக் குணமாகும் நோய். அரசாங்கம் மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. வழமையாக ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல் விழுங்க வேண்டும். கண்டி நகரில் மார்பு நோய் கிளினிக் உண்டு.

பெரியவர்கள் "கண்டமாலை" என்று ஒரு பெயர் சொல்லுவார்கள். கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல வரும் நெறிக்கும் அதைச் சொல்லுவார்கள், முன்கழுத்துக் கழலைக்கும் அதையே சொல்லுவார்கள். இரண்டும் வேறு வேறு நோய். ஆகவே பெயரைச் சொல்லி மருந்து வாங்கக் கூடாது. கழுத்தைக் காட்டித்தான் மருந்து வாங்க வேண்டும்.

கழலையும் நம் உப்பும்

கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். விழுங்கும்போது முன்கழுத்து வீக்கமும் மேலே ஏறி இறங்கினால் அது தைரொயிட்டுச் சுரப்பியில் வந்த கழலையாக இருக்கலாம்.

இந்தச் சுரப்பி உடம்பு என்கிற ஸ்டோருக்கு எஞ்சின் மாதிரி. அது சுரக்கும் நீர்தான் உடம்பின் சூட்டையும், இதயத் துடிப்பையும், பிள்ளைகளின் வளர்ச்சியையும் நடத்துகிறது. அந்த நீரைச் செய்ய அயடீன் வேண்டும். சாப்பாட்டில் அயடீன் போதாவிட்டால் சுரப்பி கூடுதலாக உழைக்கப் பார்த்துப் பெருத்துவிடுகிறது.

இலங்கையில் மழை கூடிய ஈரவலயத்தில் கழலை நெடுங்காலமாக இருந்து வந்தது. 1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது. நமது பக்கத்து மாத்தளையில் 6.5, களுத்துறையில் 30.2. பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கே கூடுதல். களுத்துறை கடற்கரையில்தான் இருக்கிறது. ஆகவே கடலுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் மட்டும் அயடீன் கிடைத்துவிடாது என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

இதற்கு வழி என்ன? இந்தியாவில், நம்மைப் போலவே தேயிலை வளரும் இமயமலைச் சாரலான காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் ஒரு சோதனை தொடங்கியது. டொக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்தப் பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயடீன் சேர்த்த உப்பையும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பையும் கொடுத்தார்கள். சில வருடங்களில் அயடீன் உப்புச் சாப்பிட்ட பகுதிகளில் கழலை நன்றாகக் குறைந்தது. வெறும் உப்புப் பகுதியில் குறையவில்லை. பின்பு அங்கேயும் அயடீன் உப்புக் கொடுத்தபோது அங்கேயும் குறைந்தது. ஏழையும் பணக்காரரும் தினமும் சாப்பிடுகிற ஒரே பொருள் உப்பு. அதன் வழியாகவே மருந்து வீட்டுக்குள் போயிற்று.

இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்பு முழுவதற்கும் அயடீன் சேர்க்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. 2010இல் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது கழலை நூற்றுக்கு 5க்கும் கீழே இறங்கியிருந்தது. ஒரு பெக்கட் உப்புச் செய்த வேலை இது.

அந்த வேலை வீட்டில் கெடாமல் இருக்க நாம் செய்ய வேண்டியவை:

– "அயடீன் சேர்த்த உப்பு" என்று அச்சிட்ட பெக்கட்டையே வாங்குங்கள்.
– கட்டி உப்பைக் கழுவாதீர்கள். அயடீன் தண்ணீரோடு போய்விடும்.
– உப்பை மூடியுள்ள போத்தலில், அடுப்புச் சூடும் புகையும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.
– கறி இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள்.
– அயடீனுக்காக உப்பைக் கூட்டாதீர்கள். கூடினால் பிரஷர் வரும். ஆளுக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் எல்லா உப்பும் அடங்க வேண்டும்.

கோவாவும் மரவள்ளிக்கிழங்கும் கழலை தரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அயடீன் குறைவாக உள்ளவர்கள் அவற்றையே நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால் கெடுதல்தான். அயடீன் உப்போடு, நன்றாக அவித்து, அளவோடு சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் இப்போதும் ஏன் கழலை வருகிறது? அயடீன் குறைவு மட்டுமே காரணம் அல்ல. உடம்பின் காவற்படையே தவறுதலாகத் தைரொயிட்டைத் தாக்கும் நோய் உண்டு. சுரப்பிக்குள் கட்டி, நீர்ப்பை வருவதுண்டு. பருவமடையும் வயதிலும் கர்ப்ப காலத்திலும் சற்றுப் பெருப்பதும் உண்டு. பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது.

சுரப்பு குறைந்தால் உடம்பு அசதி, குளிர் தாங்காமை, நிறை கூடுதல், மலச்சிக்கல், மாதவிடாய்க் குழப்பம். சுரப்பு கூடினால் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவு, சிலருக்குக் கண் பிதுங்கல். "கொழுந்து நிறை குறையுது, சோம்பேறி ஆகிட்டா" என்று ஏச்சு வாங்குகிற பெண்ணுக்குச் சிலவேளை நோயே காரணமாக இருக்கலாம். ஒரு இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

கர்ப்பிணித் தாய்மார் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்வது தாயின் தைரொயிட்டு நீரை நம்பித்தான். கழலை உள்ளவர்களும், முன்பு தைரொயிட்டுக் குளிசை எடுத்தவர்களும் கர்ப்பம் என்று தெரிந்தவுடனே மருத்துவிச்சியிடம் சொல்ல வேண்டும். குளிசையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

குளிசையும் தேத்தண்ணியும்

சுரப்பு குறைந்தவர்களுக்குத் தைரொக்ஸின் குளிசை கொடுப்பார்கள். அதை எப்படி எடுப்பது என்பதில்தான் நம் வீடுகளில் பிழை நடக்கிறது. ஒரு உதாரணம் பாருங்கள்.

மிஸ்ஸி: குளிசை ஒழுங்காப் போடுறீங்களா அம்மா?

அம்மா: ஒரு நாளும் விட்டதில்ல மிஸ்ஸி. காலையில எழும்பினதும் தேத்தண்ணியோட போட்டுருவேன்.

மிஸ்ஸி: தேத்தண்ணியோடவா? அப்போ குளிசை உடம்புல முழுசாச் சேராதே அம்மா. வெறும் தண்ணியில போடணும். போட்டு அரை மணியாவது, முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் தேத்தண்ணி, சாப்பாடு எல்லாம்.

அம்மா: பெரட்டுக்குப் போற அவசரத்துல அதெங்க மிஸ்ஸி முடியுது?

மிஸ்ஸி: கண் முழிச்சதும் முதல் வேலையா அதைப் போட்டுருங்க. தலைமாட்டுல குளிசையையும் ஒரு கிளாஸ் தண்ணியையும் வச்சுட்டுப் படுங்க. நீங்க அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி முடிக்க நேரம் சரியா இருக்கும். அப்புறம், இரும்புக் குளிசை, கல்சியம் குளிசை ஏதாவது எடுக்கிறீங்களா?

அம்மா: மகள் எடுக்கிறா, அவ முழுகாம இருக்கா. அவளுக்கும் இந்தக் குளிசை குடுத்திருக்காங்க.

மிஸ்ஸி: அப்போ மகளுக்குச் சொல்லுங்க, அதுக்கும் இதுக்கும் நாலு மணித்தியாலம் இடைவெளி வேணும். இதைக் காலையில, அதை ராத்திரியில போடச் சொல்லுங்க.

செய்யக் கூடாதவை

வீக்கத்தை ஊசியால் குத்தாதீர்கள், கீறாதீர்கள், சுடாதீர்கள். சுண்ணாம்பைக் காயம்படும்படி தடவாதீர்கள். முன்பு யாருக்கோ கொடுத்த மீதிக் குளிசையைப் போடாதீர்கள். சுளுக்கு எடுப்பவர்போல அழுத்தித் தேய்க்க விடாதீர்கள்.

நாள் கடத்தக் கூடாத அடையாளங்கள்

மூன்று கிழமை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீக்கமாக இருந்தாலும் மூன்று கிழமையில் இறங்காவிட்டால் டொக்டரிடம் காட்ட வேண்டும். கீழே உள்ளவை இருந்தால் மூன்று கிழமைகூடப் பொறுக்க வேண்டாம்.

– கல்லுப்போல கடினமாகி, அசையாமல் ஒட்டிக்கொண்ட கட்டி
– வேகமாக வளரும் கட்டி
– மாறாத குரலடைப்பு, விழுங்கக் கஷ்டம்
– முகம் ஒரு பக்கம் கோணுதல்
– வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை
– காரணமில்லாமல் உடம்பு மெலிதல்

வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடுகிறவர்கள், சுருட்டுப் பிடிக்கிறவர்கள், குடிக்கிறவர்கள் இதில் இரட்டைக் கவனம் எடுக்க வேண்டும். வாய்ப் புற்றுநோய் முதலில் கழுத்து நெறியாகத் தெரிய வரலாம். அவர்கள் நெறியைக் காட்டும்போது வாயையும் திறந்து காட்ட வேண்டும்.

மூச்சு எடுக்கக் கஷ்டம், மூச்சில் சத்தம், பல் நோவோடு தாடைக்கு அடியும் நாக்குக்கு அடியும் வீங்கி வாய் திறக்க முடியாமை, எச்சிலைக்கூட விழுங்க முடியாமை – இவை வந்தால் விடியும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அந்த இரவிலேயே தோட்ட லொறியையோ முச்சக்கர வண்டியையோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எங்கே போவது, எப்படிப் போவது?

முதலில் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் அல்லது பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டித் துண்டு வாங்குங்கள். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, வத்தேகம, எந்தப் பக்கத்தில் இருந்தாலும் பெரிய சிகிச்சைக்கு நாம் வந்து சேருவது கண்டிக்கும் பேராதனைக்கும்தான். கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை, வாய்க்கும் தாடைக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை என்று மூன்று இடங்கள் உண்டு. மூன்றும் அரசாங்க ஆஸ்பத்திரிகள். சிகிச்சைக்குப் பணம் இல்லை.

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய துண்டுகள், எடுக்கின்ற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். சிங்களம் சரியாகப் பேச வராவிட்டால் பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள். எப்போது வந்தது, எந்தப் பக்கம், சாப்பிடும்போது வீங்குகிறதா, காய்ச்சல் உண்டா, மெலிந்தீர்களா என்ற ஐந்தையும் பிள்ளையிடம் சொல்லி ஒரு தாளில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஸ்கேன் எடுக்கலாம். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்கலாம். "ஊசி குத்தினால் கேன்சர் பரவும்" என்ற பேச்சை நம்பி ஓடி வந்துவிடாதீர்கள். அந்தப் பரிசோதனையால்தான் "இது கெட்ட கட்டி இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லவே முடியும்.

ஒரு நாள் பேர் போனால் அடுப்பில் என்ன குறையும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் சின்ன வீக்கமாக இருக்கும்போது போன ஒரு நாள், பிந்திப் போய் வார்ட்டில் கிடக்கும் ஒரு மாதத்தை மிச்சம் பிடிக்கும்.

மாதர் சங்கக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் வீட்டு உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது? மூடி இருக்கிறதா?

2. ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கூகைக்கட்டு வந்தால், தாய் வேலைக்குப் போக அந்த லயத்தில் மற்றவர்கள் எப்படி உதவலாம்?

3. மலையில் தண்ணீர் குடிக்க முடியாமைக்குக் காரணங்கள் எவை? அவற்றில் எதை நாமே திருத்தலாம், எதைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்?

4. நம் லயத்தில் மூன்று கிழமைக்கு மேலாகக் கழுத்து வீக்கத்தோடு யாராவது இருக்கிறார்களா? அவரோடு துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப் போவது யார், எந்த நாளில்?